ஒரு நாள் பிந்திய விரதம்

1944 செப்டம்பர் 28 ஒரு வியாழக்கிழமை. இந்த ஒரு தகவலுக்காக, ஹைஃபா பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த ஸ்லாத்தா பெர்கோவிச், 1966 வசந்தத்தில் தன் ஊர்ச் சங்கத் தலைவரோடு மோதினாள். தன் உயிர்த்தோழியோடு மோதினாள். பேச்சுவார்த்தை அறுந்து இருபத்திரண்டு ஆண்டு ஆகியிருந்த கடவுளோடும் கொஞ்சம் மோதினாள்.

வயது முப்பத்தொன்பது. ஆள் குள்ளம். குரல் மட்டும் ஏழாம் நடைமேடை வரை கேட்கும். ஏழு பத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஏழு பதினான்குக்குக் கிளம்பினால் அவள் தாளில் ஏழு பதினான்கு என்றுதான் விழும். ஓட்டுநர்கள் சூரியகாந்தி விதைப் பொட்டலம் கொடுத்துப் பார்த்தார்கள். அதை வாங்கிக் கொறித்துக்கொண்டே ஏழு பதினான்கு என்று எழுதினாள்.

"நீ எப்பக் கிளம்பணும்னு அட்டவணை சொல்லும். நீ எப்பக் கிளம்பினேன்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பாள்.

அவளுடைய ஊர் மராமுரேஷ் மலையடிவாரத்து வெர்ஹோவா. 1944 மே மாதம் வரை அங்கே ஆயிரத்து நானூறு யூதர்கள் இருந்தார்கள். போர் முடிந்தபோது எண்பத்து மூன்று பேர். அந்த எண்பத்து மூன்றில் பாதிக்கு மேல் இஸ்ரேலுக்கு வந்து சேர்ந்து, எல்லா ஊர்க்காரர்களும் செய்ததைப் போல ஒரு சங்கம் வைத்து, எல்லாச் சங்கமும் செய்ததைப் போல ஒரு நினைவுப் புத்தகம் போட முடிவு செய்தார்கள். எந்தத் தெருவில் எந்த ரொட்டிக்கடை, யார் நல்ல பாடகர், யார் ஊர்க் கஞ்சன் என்பதெல்லாம் முன்பகுதி. பின்பகுதி இறந்தவர்களின் பட்டியல். பெயர், தகப்பன் பெயர், இறந்த திதி. திதி முக்கியம். அந்த நாளில்தான் விளக்கு ஏற்றி, இறந்தவருக்கான கதிஷ் பிரார்த்தனை சொல்ல வேண்டும். திதி தெரியாதவர்களுக்கு, எல்லோரையும் ரயிலேற்றி ஊர் காலியான நாளையே எழுதிக்கொண்டார்கள். பட்டியலில் கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான்.

ப்ரைனா ஷெக்டருக்கு மட்டும் திதி இருந்தது. யோம் கிப்பூர்.

ப்ரைனா, பெஸ்யா, ஸ்லாத்தா மூவரும் ஒரே தெரு. பிறகு ஒரே ரயில் பெட்டி. பிறகு ஜெர்மனியில் ஒரு வெடிகுண்டுத் தொழிற்சாலையில் ஒரே பலகைப் படுக்கை. அங்கே நாள் காட்டுவதற்கு எதுவும் இல்லை. பெஸ்யா கம்பளியிலிருந்து ஒரு நூலை உருவி, நாளுக்கு ஒரு முடிச்சுப் போட்டு மாதக்கணக்கு வைத்தாள். அவளை யாரும் கேள்வி கேட்கவில்லை. அவள் அப்பாதான் வெர்ஹோவா தொழுகைக்கூடத்தில் ஒவ்வொரு மாதமும் புதுப்பிறை நேரத்தைக் கணக்கிட்டு அறிவித்தவர். இலையுதிர் காலம் தொடங்கியபோது, நாளை சூரியன் மறைந்ததும் யோம் கிப்பூர் தொடங்குகிறது என்று பெஸ்யா சொன்னாள். ஆண்டின் பாவமெல்லாம் தீரும் நாள். ஓர் இரவும் ஒரு பகலும் சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத விரதம். மூவரும் இருந்தார்கள். ஏற்கெனவே காய்ச்சலில் இருந்த ப்ரைனா விரதப் பகலின் கடைசி மணி நேரத்தில் கடைசல் இயந்திரத்தின் அருகில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது.

இது நடந்தது. ஆனால் ஆண்டுதோறும் நினைவுக் கூட்டத்தில் பெஸ்யா மேடையேறிச் சொன்ன கதையில் இன்னும் சில சங்கதிகள் சேர்ந்துகொண்டன. விரதத்துக்கு முந்திய நண்பகல், ஒருநாளும் இல்லாத வழக்கமாகக் கெட்டியான சூப் வந்தது. அதில் கறித்துண்டு மிதந்தது. விரதத்துக்கு முன் வயிறார உண்ண வேண்டும் என்ற விதியை மூன்று அனாதைப் பெண்கள் நிறைவேற்றுவதற்காக வானம் அனுப்பிய அற்புதம் அது. மறுநாள், வானத்தின் வாயில்கள் மூடும் வேளையில், யூதர்கள் சாகும் வேளையில் சொல்லும் "கேள் இஸ்ரவேலே" மந்திரத்தைச் சொல்லியபடி ப்ரைனாவின் உயிர் பிரிந்தது. பெண்கள் அழுவார்கள். ஆண்கள் மூக்கைச் சிந்துவார்கள். ஸ்லாத்தாவும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். அப்படியெல்லாம் ப்ரைனா சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். சோகத்தில் நாலு பூ வைப்பதை யார் தடுப்பது என்று விட்டுவிட்டாள். நாள் மட்டும் சரிதானே.

கடவுளோடு எல்லா ஒட்டுறவையும் வெட்டிவிட்ட ஸ்லாத்தா அந்த ஒரு நாளை மட்டும் விட்டு வைத்திருந்தாள். யோம் கிப்பூர் அன்று ஒரு விளக்கு ஏற்றி, வாயில் தண்ணீர் படாமல் இருப்பாள். தொழப் போக மாட்டாள். அது ப்ரைனாவோடு உட்கார்ந்திருக்கும் நாள்.

பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையைச் சங்கம் ஸ்லாத்தாவிடம் கொடுத்தது அவர்கள் செய்த தவறு. மற்றவர்கள் எழுத்துப் பிழை பார்த்திருப்பார்கள். அவள் ஒவ்வொரு பெயருக்கும் ஜெர்மனியில் காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். பெரும்பாலும் பதில் இல்லை. ஏப்ரல் நடுவில் ஒரு பதில் வந்தது. தொழிற்சாலை மருத்துவக் கொட்டகையின் இறப்புப் பதிவேடு. ஒரு பக்கத்தின் நகல். ஷெக்டர், ப்ரைனா. இதய பலவீனம். 28.9.1944, மாலை 5.40.

ஸ்லாத்தா அதை நூற்றாண்டு நாட்காட்டியில் வைத்துப் பார்த்தாள். அந்த ஆண்டு யோம் கிப்பூர் செப்டம்பர் 27, புதன்கிழமை. மறுபடி பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஓர் ஓட்டுநர் தன் தாளுக்காகக் காத்து நின்றான். அவனை நிற்க வைத்துவிட்டு, யூத நாட்காட்டியின் கோடைகால மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். ஆவ் மாதத்துக்கு முப்பது நாள். எலூலுக்கு இருபத்தொன்பது, எப்போதும் இருபத்தொன்பதுதான். பெஸ்யா எலூலுக்கு முப்பது முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

ப்ரைனா இறந்தது ஒரு சாதாரண வியாழக்கிழமை. மூவரும் வெறும் நாளில் விரதம் இருந்திருக்கிறார்கள்.

அவளுடைய கணவன் மெய்லெக் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுபவன். நல்லவன், அவசரப்பட்டுப் பேசுகிறவன். ஒரு நாளை மாற்றிப் போட்டால் செத்தவள் எழுந்து வரப்போகிறாளா என்று கேட்டான். இரண்டு நாள் அவளிடமிருந்து பதிலும் வரவில்லை, சூடான சாப்பாடும் வரவில்லை.

சங்கத் தலைவர் ஐசிக் ரோட்மன்தான் புத்தகத்தின் ஆசிரியரும். ஹைஃபாவின் ஹதார் கடைத்தெருவில் ஆணி, பூட்டு, குழாய் விற்கும் கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பின்னால் அச்சுப் பிரதிகள் மலையாகக் கிடந்தன. ஸ்லாத்தா நகலை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார்.

"இந்தப் பக்கம் அச்சு கோத்தாச்சு ஸ்லாத்தா. எழுத்து ஈயத்துல நிக்குது."

"ஈயம் உருகும், ரெப் ஐசிக்" என்றாள், பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லை விடாமல்.

"ஜெர்மன்காரன் எழுதி வச்சதை நம்புவே, பெஸ்யாவை நம்ப மாட்டியா?"

"கொல்றதுல அவன் பொய் சொன்னான். நேரம் எழுதறதுல சொல்லல. அந்த வேலையை நானும் பாக்கறேன், எனக்குத் தெரியும்."

அவர் குரலைத் தணித்தார். பேரப்பிள்ளைகள் படிக்கப் போகும் புத்தகம், அவர்களுக்குக் கொடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது, ஆயிரத்து முந்நூறு பெயருக்கு எதிரே ஒரே தேதி எழுதியிருக்கிறோம், இந்த ஒரு பெண் யோம் கிப்பூர் அன்று போனாள் என்பது ஒன்றுதான் கையில் பிடித்துக்கொள்ள இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய இரண்டு தங்கைகளும் அந்த ஒரே தேதிக்காரர்கள். கடைசியில் ஒரு சமாதானம் சொன்னார்: அவள் தெரிந்ததை எழுதித் தரட்டும், புத்தகத்தின் பின்னால் கதைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் போட்டுவிடலாம்.

ஸ்லாத்தா கல்லாவின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "நடந்ததைக் கதைன்னு போடுவீங்க. கதையை நடந்ததுன்னு போடுவீங்க. அப்புறம் உங்க பேரன் ரெண்டையும் படிச்சிட்டு எதுவுமே நடக்கலைன்னு சொல்வான்."

"பெஸ்யா வந்து மாத்துங்கன்னு சொன்னா மாத்தறேன்" என்றார் ரோட்மன். "அவ கதை அது. அவ வாயால சொல்லட்டும்." அவள் சொல்லமாட்டாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பெஸ்யா இருந்தது ஆசாரமான யூதர்களின் ஊரான ப்னே ப்ராக்கில். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸில், கடலோரச் சாலையில், ஸ்லாத்தாவுக்குச் சூப் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை நண்பகல். கெட்டியான சூப், கறித்துண்டு. கதவருகே பெண் மேற்பார்வையாளர்கள் நாலு பேர் நின்றார்கள். வழக்கமாக ஒருத்திதான் நிற்பாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மூவரும் அதைப் பொருட்படுத்தவில்லை; சூப்தான் பெரிதாகத் தெரிந்தது. அன்றுதான் யோம் கிப்பூர். மேற்பார்வையாளர்களுக்கு அது தெரிந்திருந்தது. யூதப் பெண்களை அவர்களுடைய புனித நாளில் கறி தின்ன வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டு அதை அற்புதம் என்று மேடையில் சொல்லியிருக்கிறோம். ஸ்லாத்தா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பெஸ்யா அடுக்களையில் சனிக்கிழமை ஓய்வுநாள் சூப்புக்காக முட்டைமாவைத் தகடாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையில் இறுக்கிக் கட்டிய துணி, முழங்கை வரை மாவு. ஆறு பிள்ளை பெற்றவள். மூத்தவள் பெயர் ப்ரைனா. அவளுக்குத்தான் அந்தக் கோடையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"என்னடி, ஹைஃபால பஸ் எல்லாம் தானா ஓடுதா?" என்றாள் பெஸ்யா. "இளைச்சுப் போயிட்டே. அந்தக் கடங்காரன் துறைமுகத்துல தூக்கறதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வர்றதில்லையா?"

ஸ்லாத்தா நகலை மேசை மேல் வைத்தாள். மாவு படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

பெஸ்யா குனியவில்லை. கையைக்கூடத் துடைக்கவில்லை. "வியாழக்கிழமை" என்றாள்.

"நான் இன்னும் எதுவும் சொல்லல."

"நீ சொல்ல வேணாம்."

ஸ்லாத்தா உட்கார்ந்தாள். பெஸ்யா கத்தியை எடுத்து மாவை ரிப்பன் ரிப்பனாக வெட்டிக்கொண்டே பேசினாள். போர் முடிந்த இலையுதிர் காலத்தில், அகதி முகாமில், யாரோ அச்சிட்ட நாட்காட்டி ஒன்றைக் கொண்டு வந்தார்களாம். முந்திய ஆண்டின் பக்கமும் அதில் இருந்ததாம். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து பின்னோக்கி எண்ணினாளாம். எலூலில் ஒரு முடிச்சு அதிகம். அந்த வாரமே வெளியிலிருந்து ஓர் ஆள் வந்து ஊர்க்காரர்களின் சாட்சியம் கேட்டாராம். அவள் யோம் கிப்பூர் என்று சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து ஆண்டுதோறும் யோம் கிப்பூருக்கு மறுநாளும் அவள் எதுவும் சாப்பிடுவதில்லை. வயிறு சரியில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். கணவர் மூன்று வைத்தியரிடம் காட்டிவிட்டார்.

"நான் இருபத்தொரு வருஷம் தப்பான நாள்ல விளக்கு ஏத்தியிருக்கேன்" என்றாள் ஸ்லாத்தா. "உனக்குத் தெரியும். வருஷா வருஷம் மூணாவது வரிசையில என்னை உட்கார வச்சுப் பாத்துட்டே இருந்திருக்கே."

"தெரியும்."

"வெங்காயம் மாதிரி தலை மண்ணுக்குள்ள, கால் வெளியிலன்னு வளரணும் நீ" என்று ஊர்ச் சாபம் ஒன்றைப் போட்டாள் ஸ்லாத்தா.

"அவ காய்ச்சல்ல கிடந்தா, ஸ்லாத்தா. இன்னைக்கு விரதம்னு நான்தான் சொன்னேன். நாள் சரியா இருந்திருந்தா நான் சொன்னது கட்டளை. நாள் தப்புன்னா நான் அவளைக் கொன்னேன். இதுல எதைப் புத்தகத்துல போடச் சொல்றே?"

அடுத்த அறையில் ஒரு குழந்தை பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"உனக்கு ரொம்பத்தான் நெனைப்பு" என்றாள் ஸ்லாத்தா. "ப்ரைனா என்னைக்கு நீ சொன்னதைக் கேட்டிருக்கா? கசாப்புக்காரன் பொண்ணு. ஊர்ல ஓய்வுநாள்ல ஆத்துல குளிச்சவ. அவ அன்னைக்கு என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா? உன் மேடையில அதை ஒரு நாள்கூடச் சொல்லலையே."

பெஸ்யா வெட்டுவதை நிறுத்தினாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. ப்ரைனா அன்று காலை ரொட்டித்துண்டைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னது: இத்தனை மாசமா அவங்க நம்மளைப் பட்டினி போட்டாங்க; இன்னைக்கு ஒரு நாள் பட்டினி என்னோடது, ஒருத்தன் தொட முடியாது. விழுந்த பிறகு, கொட்டகைக்குத் தூக்கிப் போகும்போது அவள் பேசிய கடைசிப் பேச்சில் இஸ்ரவேலும் இல்லை, வானமும் இல்லை. என் ரொட்டியைப் பத்திரமா வைங்கடி, எவளாவது தொட்டா கையை ஒடிப்பேன், பொழுது சாஞ்சதும் நான் சாப்பிடணும் என்றாள்.

"அந்த ரொட்டியை நாம தின்னோம்" என்றாள் பெஸ்யா மெதுவாக.

"ஆளுக்குப் பாதி."

"அந்த சூப்பு? அது என்னன்னு தெரியுமா உனக்கு? அன்னைக்குத்தான்..."

"பஸ்ல வர்றப்போ தெரிஞ்சுது. வாந்தி எடுக்கப் பாத்தேன். அப்புறம் யோசிச்சேன். அவங்க நமக்காக ஒரு வேடிக்கை பண்ணாங்கடி. கறியெல்லாம் செலவு பண்ணி, நாலு பேர் வாசல்ல வந்து நின்னு. நம்ம முகம் சுருங்கும், அழுவோம்னு பாத்தாங்க. நாம என்ன பண்ணோம்? நீ ஆசீர்வாதம் சொன்னே. ப்ரைனா கிண்ணத்தை நக்கினா. விரதத்துக்கு முன்னாடி நல்ல சாப்பாடுன்னு மூணு பேரும் சிரிச்சோம். அவங்க சிரிப்பு நின்னு போச்சு, ஞாபகம் இருக்கா? மறுநாள் தண்ணி சூப்பு. எந்த வேடிக்கையும் இல்ல, எவளும் பாக்கல. அன்னைக்கு நாம விரதம் இருந்தோம். நாள் அவங்க கையில சரியா இருந்துது. வேற எதுவும் அவங்க கையில இல்ல."

பெஸ்யாவின் வாய் ஓரம் துடித்தது. அழப்போகிறாள் என்று ஸ்லாத்தா நினைத்தாள். வந்தது சிரிப்பு, கூடவே அழுகையும், மாவுக் கையால் முகத்தைத் துடைத்து வெள்ளையாகிப் போனாள். பிறகு சட்டென்று அடங்கினாள்.

"என்னால முடியாது" என்றாள். "எங்க அப்பா ஊருக்கே பிறை சொன்னவர். அவர் பேரு அதே புத்தகத்துல இருக்கு. அவர் பொண்ணுக்கு எலூல் எத்தனை நாள்னு தெரியலைன்னு நானே எழுதணுமா? மூத்தவளுக்குப் பேரு வச்சது எதுக்கு? அவ கல்யாணத்துல இந்தக் கதையைச் சொல்லத்தான் சம்பந்தி வீட்டுல காத்துட்டிருக்காங்க."

"நீ அவளுக்கு ஒரு புனிதவதி பேரை வச்சிருக்கே. ப்ரைனா பேரை இன்னும் வைக்கல."

ஸ்லாத்தா கிளம்பினாள். பெஸ்யா ஒரு சாடியில் ஊறுகாய் வெள்ளரி போட்டுக் கொடுத்தாள். ஸ்லாத்தா வேண்டாம் என்றாள். பெஸ்யா பைக்குள் திணித்தாள். ஹைஃபா வரும்வரை சாடியின் மூடி கசிந்து பை முழுவதும் பூண்டு வாசம் அடித்தது.

நினைவுக் கூட்டம் மே 15, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஹதாரில் ஒரு பள்ளிக்கூட அரங்கு. வழக்கம்போல நூற்றிருபது பேர். கல்யாணம் கட்டி வந்தவர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து. வழக்கம்போல முதல் அரைமணி யார் தடித்திருக்கிறார்கள், யாருக்கு வீட்டுவசதிக் கடன் கிடைத்தது என்பதிலேயே போயிற்று. உப்பு மீன், ஸ்பஞ்சு கேக், கண்ணாடித் தம்ளரில் டீ. ரோட்மன் மேடையில் கறுப்புத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் இருந்தார். ஸ்லாத்தா அவர் பக்கம் திரும்பவில்லை. பெஸ்யா அவள் பக்கம் திரும்பவில்லை. பெஸ்யாவின் மூத்த மகளும் வந்திருந்தாள். மாப்பிள்ளையின் தாய் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்லாத்தா ஒரு முடிவோடு வந்திருந்தாள். பெஸ்யா பழைய கதையைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவது. கூட்டத்தில் அவளை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் பட்டியல் வேலை முடிந்தது, சங்கம் முடிந்தது, பெஸ்யாவும் முடிந்தது. கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பெஸ்யா மேடையேறினாள். ஊர், தெரு, ரயில், நூல் முடிச்சு. எல்லாம் வழக்கம்போல, வழக்கமான இடங்களில் வழக்கமான நிறுத்தங்களோடு. சூப் வரைக்கும் வந்தாள். முன்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையை எடுத்துத் தயாரானாள்.

"இதை நான் அற்புதம்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள் பெஸ்யா. "அற்புதம் இல்ல. அன்னைக்குத்தான் யோம் கிப்பூர். அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. எனக்குத் தெரியல. ஊருக்குப் பிறை சொன்னவரோட பொண்ணு எலூலுக்கு முப்பது நாள் எண்ணினா."

யாரோ தம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. ரோட்மன் எழுந்தார். சகோதரி களைத்திருக்கிறார், நாம் கதிஷுக்குப் போகலாம் என்று தொடங்கினார்.

"உக்காருங்க ரெப் ஐசிக்" என்றாள் ஸ்லாத்தா. பஸ் நிலையத்துக் குரல். "அவ இன்னும் முடிக்கல."

ரோட்மன் உட்கார்ந்தார்.

பெஸ்யா முடித்தாள். பூ எதுவும் வைக்கவில்லை. 1945இல் நாட்காட்டி பார்த்தது, பொய் சொன்னது, மறுநாள் விரதங்கள் எல்லாவற்றையும் சொன்னாள். ப்ரைனா தன் பட்டினியைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தை அவள் சொன்ன மாதிரியே, கசாப்புத் தெருப் பேச்சில் சொன்னாள். பின்வரிசையில் இளைஞர்கள் சிலர் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் ப்ரைனா பெயருக்கு யாராவது சிரித்தது அதுதான் முதல் முறை.

எண்பது வயது ரெப் நோட்டா, ஊரில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தவர், தடியை ஊன்றி எழுந்தார். பாலைவனத்தில் வழிதவறிக் கிழமை மறந்தவன் ஆறு நாள் தானே எண்ணி ஏழாம் நாளை ஓய்வுநாளாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நம் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே உங்கள் விரதம் விரதம்தான், பெண்ணே, மனதை வருத்திக்கொள்ளாதே என்றார்.

பெஸ்யா அவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "ரொம்ப நன்றி, ரெப் நோட்டா. அந்தத் தீர்ப்பை எனக்கு வச்சுக்கறேன். அவளுக்கு வேண்டியது தீர்ப்பு இல்ல. தேதி."

அப்போது பெஸ்யாவின் மகள், இளைய ப்ரைனா, எழுந்தாள். வருங்கால மாமியாரின் கை அவள் கையிலிருந்து நழுவியது. அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த ரொட்டி என்ன ஆச்சும்மா?"

பெஸ்யா மூன்றாம் வரிசையை நோக்கித் திரும்பினாள். ஸ்லாத்தா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாங்க தின்னோம்மா. ஆளுக்குப் பாதி. உங்கம்மா வேணாம்னுட்டா, நான்தான் அவ வாயில திணிச்சேன். நல்ல ரொட்டி. அதனாலதான் நீ இங்க நிக்கறே."

அந்தப் பெண் பிறகு நாற்காலிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி வந்து ஸ்லாத்தாவுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் தாய் முகத்தை நேராக வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கதிஷ் சொல்லப்பட்டது. ஆண்கள் நின்றார்கள். ஸ்லாத்தாவும் நின்றாள், அவள் நிற்பது வழக்கமில்லை. "மேல இருக்கிறவரோட உங்களுக்குச் சமாதானம் ஆயிடுச்சா?" என்று வெளியே வரும்போது ஒரு கிழவர் கிண்டலாகக் கேட்டார். இல்லை, அவர்தான் இன்னும் பதில் சொல்ல வேண்டியவர், நான் ப்ரைனாவுக்காக நின்றேன் என்றாள்.

வாசலில் ரோட்மன் அவளை நிறுத்தினார். கோபமாக இருந்தார், அதை மறைக்கவும் இல்லை. இனி ஒவ்வொருத்தரும் கிளம்பி வருவார்கள், என் அண்ணன் வீரன் இல்லை, என் சித்தி உத்தமி இல்லை என்று. இந்தப் புத்தகம் எப்போதுதான் வெளிவரும் என்று கேட்டார்.

"வரட்டும்" என்றாள் ஸ்லாத்தா. "செத்தவங்க புத்தகத்துல ஆளுங்களாவே வரட்டும்."

மறுநாள் திங்கட்கிழமை காலை, கடையைத் திறப்பதற்கு முன், ரோட்மன் அச்சகத்துக்குப் போய் ப்ரைனாவின் பெயர் இருந்த இருநூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் எழுத்தைப் பிரித்துவிடச் சொன்னார். பெஸ்யா ஹைஃபாவில் ஸ்லாத்தா வீட்டிலேயே மூன்று நாள் தங்கினாள். மெய்லெக் முன்னறையில் படுத்துக்கொள்ள, இரண்டு பெண்களும் அடுக்களை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்து, புதிய பக்கத்தை எழுதினார்கள்.